சரக்கு உயிரோடு இருக்கா?

"மண்ணுக்கு ஏதாவது டானிக் இருக்கா அண்ணா?"

இப்படிக் கேட்டு என் கடைக்கு வருபவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்ட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரில் வருவது. மாடியில் பத்திருபது தொட்டி வைத்திருப்பார்கள். இன்னொரு ரகம் பாகலூர், பேரிகை, சர்ஜாபுரம் பக்கமிருந்து எக்ஸெல் வண்டியில் வருவது. கேழ்வரகு, அவரை, தக்காளி, முட்டைக்கோஸ், பாலிஹவுஸ் ரோஜா என்று எல்லாம் இருக்கும். கடை அத்திப்பள்ளியில், ஆனேக்கல் ரோட்டில். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கடன் சொல்லிவிட்டுப் போவார்கள்.

டானிக் இருக்கிறது. அலமாரி கொள்ளாமல் இருக்கிறது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ரைசோபியம், பொட்டாஷ் பாக்டீரியா, வேம் (VAM என்கிற வேர்ப் பூஞ்சை), டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், ஹியூமிக், கடல்பாசிச் சாறு, மீன் அமிலம். விற்கிறவனும் நான்தான். விற்பதற்கு முன் நான் கேட்கிற கேள்விகளுக்குப் பலருக்குக் கோபம் வருகிறது. "பொருளைக் கொடுப்பா, விசாரணை எதுக்கு" என்கிறார்கள். சரி, ஒவ்வொருவரிடமும் சொல்வதற்குப் பதில் ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தேதி. யூரியா மூட்டையை மூன்று வருஷம் மூலையில் போட்டாலும், கட்டி தட்டுமே தவிர, யூரியா யூரியாதான். அசோஸ்பைரில்லம் மாதிரியான உயிர் உரம் அப்படி இல்லை. பாக்கெட்டுக்குள் இருப்பது பாக்டீரியா, சாகும். அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-லிருந்து இருந்தாலும், உயிர் உரங்கள் அதற்குள் வந்தது 2006-ல்தான். அதன்படி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்றவற்றில் தூள் சரக்கு என்றால் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவம் என்றால் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்கவேண்டும். கம்பெனியில் கட்டும்போது இருக்கும். லாரியில் ஏப்ரல் மாத வெயிலில் வந்து, கடையின் தகரக் கூரைக்கடியில் ரெண்டு மாசம் வெந்த பிறகு எத்தனை மிஞ்சும்? தூள் பாக்கெட்டில் பெரும்பாலும் லிக்னைட் கரித்தூளில் பாக்டீரியாவைக் கலந்து அடைத்திருப்பார்கள். அந்தக் கரித்தூள் கையில் பிசுபிசுவென்று லேசான ஈரத்தோடு இருக்கவேண்டும். கலகலவென்று உலர்ந்து பறந்தால், நீங்கள் வாங்குவது வெறும் கரி.

ஒரு தடவை ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், பெட்டி பெட்டியாகச் சரக்கு இறக்கியது. தயாரிப்புத் தேதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் கீழே வேறொரு தேதி. ரெப்பிடம் கேட்டேன். "பாக்டீரியாதானே சார், வளர்ந்துக்கும்" என்றார். அந்தப் பெட்டிகளை அதே வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இப்போது என் கடையில் உயிர் உரச் சரக்கு மட்டும் பின்னறையில், தளம் போட்ட கூரைக்குக் கீழே, தரையோடு இருக்கிறது. முன்னால் அலமாரியில் இருப்பவை காலி டப்பாக்கள், பார்வைக்கு.

தேதி சரியாக இருந்தால் போதுமா? இல்லை. அடுத்த கேள்விதான் எல்லோரையும் எரிச்சலூட்டுவது: "எரு எவ்வளவு போட்டீங்க?"

பாட்டிலில் வருவது உரமல்ல, வேலையாள். வேலையாளைக் கூட்டி வந்து சோறு போடாமல் வயலில் நிறுத்தினால் வேலை நடக்காது. அவனுக்குச் சோறு, மண்ணில் இருக்கும் கரிமச்சத்து. மண் பரிசோதனை அட்டையில் 'அங்கக கரிமம்' என்று ஒரு வரி இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் நல்ல மண். எங்கள் பக்கத்துச் செம்மண் வயல்களின் அட்டையை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி அந்தக் கீழ்வரிசையில்தான். மாடு குறைந்துவிட்டது, எரு குறைந்துவிட்டது, கேழ்வரகுத் தாள் தீவனத்துக்குப் போய்விடுகிறது. வேருக்குத் திரும்பி என்ன வருகிறது?

இது என் அனுமானம் இல்லை. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று இருக்கிறது. இங்கே பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் கேழ்வரகு, மக்காச்சோளத்தை வைத்து 1986-லிருந்து நீண்டகால உரப் பரிசோதனை நடக்கிறது. அங்கே தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மட்டும் வருஷக்கணக்கில் போட்ட பாத்தியில் மண் அமிலமாகிப் புளித்துப்போய் விளைச்சல் விழுந்தது. உரத்தோடு தொழு உரமும் சேர்த்த பாத்திதான் தாக்குப்பிடித்தது. நவம்பரில் நடக்கும் கிருஷி மேளா என்கிற விவசாயக் கண்காட்சிக்கு ஜி.கே.வி.கே. போகிறவர்கள் ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிப் பேனா, தொப்பி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பாத்திகளைப் பற்றி அங்கிருக்கும் விஞ்ஞானிகளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்.

வேலையைவிட்டுவிட்டு சர்ஜாபுரம் தாண்டி நிலம் வாங்கிய ஒரு தம்பி வருவார். ரசாயனம் வேண்டவே வேண்டாம், சாணமும் கோமியமும் கரைத்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தம் போதும் என்பவர். எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு வாய்ச்சண்டை. ஒரு நாள் பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணம், 5-லிருந்து 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. பச்சைச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதம்கூடத் தேறாது. மிஞ்சிப்போனால் 50 கிராம். கோமியத்தில் 100 கிராம் என்று தாராளமாக வைப்போம். மாவில் 70 கிராம். மொத்தம் கால் கிலோவுக்குள். மாசம் ஒரு தடவை என்று நாலு மாசம் விட்டாலும் ஒரு கிலோ தாண்டாது. மானாவாரி கேழ்வரகுக்கு ஏக்கருக்குச் சிபாரிசு ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் அதே அளவுதான்.

"அப்போ ஜீவாமிர்தம் வேஸ்ட்டா?" என்று முகம் சுருங்கிவிட்டது. வேஸ்ட் என்று நான் சொல்லவில்லை. அது மண்ணில் இருப்பதைக் கிளறிவிடும்; இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? அவர் நிலத்தில் பலதானியம் விதைத்து மடக்கி உழுதிருக்கிறார், இலைதழையால் மண்ணை மூடி மூடாக்கு போடுகிறார், இரண்டு மாடு நிற்கிறது. அந்த மண்ணில் அது எடுபடுகிறது. அவரைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் வெறும் கட்டாந்தரையில் டிரம் டிரம்மாக ஊற்றினார். பயிர் மஞ்சளாகவே நின்றது. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அவரும் மூடாக்கையும் பசுந்தாளையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் கரைசலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கரைசல் கலக்குவது சுலபம், சணப்பை விதைத்து மடக்க ஒன்றரை மாசம் நிலத்தைச் சும்மா விடவேண்டும் இல்லையா.

பாகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பல வருஷம் தைலமரம் நின்ற நிலத்தை வேரோடு பிடுங்கி, கேழ்வரகுக்கு நடுவே அவரை வரிசை போட்டார். அவரை வேரில் முடிச்சு போட்டுக் குடியிருக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் ஒரு பாக்கெட் வாங்கிப்போய், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைத்தார். கடைசி இரண்டு வரிசைக்கு விதை பற்றாமல் பக்கத்து வீட்டில் வாங்கிய விதையை அப்படியே போட்டுவிட்டார். பூ எடுக்கும் சமயம் அவரோடு போய்ப் பார்த்தேன். செடியைப் பிடித்து இழுக்கக்கூடாது, முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, பக்கெட் தண்ணீரில் அலசினார். ரைசோபியம் புரட்டிய செடியின் தாய்வேரைச் சுற்றி, மேல்பக்கமே, மிளகளவு முடிச்சுகள் கொத்தாக இருந்தன. ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தார். உள்ளே நல்ல ரோஸ் நிறம். அந்த நிறம் இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அந்தக் கடைசி வரிசைச் செடி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன முடிச்சு, பிளந்தால் வெளுப்பு. இலையிலும் பச்சை மட்டுதான்.

இதை வைத்து ரைசோபியம் எல்லா வயலிலும் இப்படி வேலை செய்யும் என்று சொன்னால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். அவரது தம்பி நிலம் அடுத்ததுதான். அங்கே பாட்டன் காலத்திலிருந்து அவரைச் சாகுபடி. அந்த மண்ணில் ஏற்கெனவே அந்த பாக்டீரியா குடியிருக்கிறது. பாக்கெட் போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் வித்தியாசம் தேடித்தான் பார்க்கவேண்டும். "உங்களுக்கு வேண்டாம், அந்தக் காசில் எரு வாங்குங்க" என்று தம்பியைத் திருப்பி அனுப்பினேன். இன்னொன்று, ரைசோபியத்தில் பயிருக்குப் பயிர் ரகம் உண்டு. நிலக்கடலைப் பாக்கெட்டை சோயாவுக்குப் போட்டுப் பயனில்லை. பாக்கெட்டில் பயிர் பேர் பாருங்கள்.

வேம் விஷயமும் இப்படித்தான். அது வேருக்குள் குடியேறும் பூஞ்சை. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும். நம் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிவைத்துக்கொள்வதால் இது பெரிய உபகாரம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாக்யராஜ் காலம் பூராவும் இந்தப் பூஞ்சையைத்தான் ஆராய்ந்தார். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, கடுகு வேரில் இது குடியேறாது. அந்தக் குடும்பத்துக்கே இதோடு ஒட்டுறவு கிடையாது. எங்கள் பக்கம் கோஸ் பயிரிடும் பூமி; கோஸ் நாற்றுக்கு வேம் கொடுத்துக் காசு பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. வேறு பயிராக இருந்தாலும், மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யை அள்ளி வீசிய வயலில் வேம் சோம்பிவிடும்.

காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும் அசோஸ்பைரில்லமும், மண்ணில் கட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவும் கேழ்வரகு, தக்காளிக்கெல்லாம் ஆகும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் பத்து, அதாவது ஏக்கருக்கு நாலு. பத்து கிலோ எரு, பத்து கிலோ மண்ணோடு கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலம் தூவினால் போதும். யூரியாவோடு கலந்து வீசாதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். சாயம் பூசிய ஹைப்ரிட் விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அதன்மேல் பாக்டீரியாவைப் புரட்டுவது வீண். எருவில் கலந்து மண்ணிலேயே கொடுங்கள். தக்காளி நாற்றை வேர் நனைக்கலாம், கால் மணி நேரம் ஊறினால் சரி. நோய்ப் பூஞ்சையை அடக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை நேராகக் கொட்டாமல், ஒரு கிலோவை 100 கிலோ மக்கிய எருவில் கலந்து, நிழலில் சாக்கு போட்டு மூடி, தண்ணீர் தெளித்துப் பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். சாக்கைத் தூக்கினால் எருவின்மேல் பச்சையாகப் படர்ந்திருக்கும். அதற்கப்புறம் வயலுக்கு.

தனித்தனியாக வாங்கச் சலிப்பாக இருக்கிறவர்களுக்கு ஹெசரகட்டா ஐ.ஐ.எச்.ஆர். (இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) கொடுக்கும் அர்கா மைக்ரோபியல் கன்சார்ஷியம் இருக்கிறது. தழை, மணி, துத்தநாகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பாக்கெட். காய்கறிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

ஹியூமிக், கடல்பாசிச் சாறு வகையறா பற்றி ஒரு வரி. 2021 பிப்ரவரியில்தான் இவற்றை 'பயோஸ்டிமுலன்ட்' (பயிர் வளர்ச்சியைத் தூண்டுவது) என்று உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் கறுப்புத் தண்ணீரை அழகான பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்ற நிலைமை. லேபிளில் பதிவு விவரமும் என்ன எத்தனை சதவீதம் என்பதும் இல்லாமல், சிங்கம் படமும் 'மகசூல் இரட்டிப்பு' என்ற வாசகமும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மாடித் தோட்டக்காரர்களே, உங்களுக்கு: காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. குழாயிலிருந்து பிடித்த கையோடு அதில் பாக்டீரியாவைக் கலக்காதீர்கள். பக்கெட்டில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். வெறும் தேங்காய் நார்க்கழிவில் செடி வைத்துவிட்டு "அசோஸ்பைரில்லம் ஊத்தியும் வளரலை" என்று போன் செய்யாதீர்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது மண்புழு உரம் இருக்கட்டும்.

திரவச் சரக்கு வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை சாயங்காலம் வருகிறது. தூள் வேண்டுமென்றால் முதல் மழைக்கு முன்னால் சொல்லி வையுங்கள், எத்தனை பாக்கெட் என்று தெரிந்தால்தான் வரவழைப்பேன், மிச்சம் வைப்பதில்லை. மாட்டு எரு டிராக்டர் லோடு யார் கொடுப்பார்கள் என்பதையும் கடையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கமிஷன் கிடையாது.