டிசம்பர் டைரியில் முதலில் எழுத வேண்டியது

சேலம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆயர் (போதகர்) வீட்டுப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களும், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் நாட்களும் ஒன்றுதான். ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் வரும். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து கூட்டங்களும் அப்போதுதான். வருஷா வருஷம் இப்படித்தான் என்று தெரிந்திருந்தும், கமிட்டி கூடி அட்டவணை போட்ட பிறகுதான் ஆயருக்கு வீட்டுத் தேர்வு நினைவுக்கு வருகிறது. வரிசையை மாற்ற வேண்டும். நவம்பரில் கமிட்டி கூடும் முன்பே பள்ளியில் தேதி கேட்டு, கணக்குக்கும் அறிவியலுக்கும் முந்தின மாலைகளை டைரியில் அடித்து வைத்துவிடுங்கள். மிச்சமுள்ள மாலைகளைச் சபைக்குக் கொடுங்கள். முன்கூட்டியே சொன்னால் எந்தச் சபையும் மறுக்காது. அன்று காலையில் சொன்னால்தான் மனஸ்தாபம்.

கேரலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வீடுள்ள சபை. ஒரு வீட்டில் இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபம், காணிக்கை ரசீது: 8 நிமிஷம். அடுத்த வீட்டுக்குப் போக 4 நிமிஷம். மாலை 6.30 முதல் 10 வரை 210 நிமிஷம். ஒரு இரவுக்கு 17 வீடு, ஏழு இரவில் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வீடு டீயும் முறுக்கும் வந்தால் 10 நிமிஷம் கூடும். அப்போது இரவுக்கு ஒன்பது பத்து வீடுதான், பதின்மூன்று இரவாகிவிடும். கூடுதலாகிற ஆறு இரவும் ஆயரின் பிள்ளைகளிடமிருந்து எடுத்தவை. பகுதிக்கு ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு, மற்ற வீட்டுப் பலகாரம் பையில் என்று நவம்பர் கடைசி ஞாயிறே அறிவித்துவிட வேண்டும். அஸ்தம்பட்டி, பேர்லாண்ட்ஸ், சூரமங்கலம், அம்மாபேட்டை எனப் பகுதி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இரவு ஆயர் போனால் போதும். மற்ற இரவுகளை ஆயருக்கு உதவும் உபதேசியாரோ வாலிபர் சங்கத்தாரோ நடத்தலாம். இரவு 10க்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொதுவாக இடம் தராது. முடிக்கும் நேரத்தைக் கறாராகச் சொல்ல இதுவே நல்ல காரணம்.

ஏற்காட்டுக் கிளைச்சபையையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. டிசம்பர் அங்கே காபிப் பழம் பறிக்கிற காலம். எஸ்டேட் ஆட்கள் விடியலில் வேலைக்குப் போக வேண்டும், குளிரும் இருக்கும். எட்டு மணிக்குள் கேரல் முடிந்தாக வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிய பிறகு டூவீலரில் திரும்பாதீர்கள், மலையிலேயே தங்கிவிடுங்கள். அந்த இரவில் வீட்டில் யார் துணை என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதற்கு நடுவே கல்யாணக் காகிதங்கள் வரும். தை பிறந்ததும் கல்யாணம் வைப்பார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதால், ஜனவரி மூன்றாம் வாரக் கல்யாணத்துக்கு டிசம்பர் இரண்டாம் வாரமே விண்ணப்பம் கைக்கு வந்திருக்க வேண்டும். பெண்ணோ மாப்பிள்ளையோ வேறு சபையென்றால் அங்கேயும் ஓலை வாசித்த கடிதம் வர வேண்டும். அது முந்தின நாள் இரவு வரை வராமல் போவதுதான் வழக்கமான கோளாறு. ஆயர் வீட்டு ராத்திரிச் சாப்பாடு அந்தப் போன்களிலேயே ஆறிப்போகும். கல்யாணத்துக்கு ஏழு நாள் முன்பு கடிதம் வராவிட்டால் அன்றே அந்தச் சபைக்குப் பேசுங்கள். 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் திருமணம் நடத்தலாம் என்பதையும் மண்டபம் பிடிக்கும் முன்பே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

சாவு மட்டும் அட்டவணைக்குள் வராது. குழி வெட்ட நாலைந்து மணி நேரம், வீட்டு ஜெபம், கோயில் ஆராதனை, கல்லறைத் தோட்டம், பதிவேடு: அரை நாள் போய்விடும். அதனால் வாரத்தில் ஒரு அரை நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். திங்கட்கிழமை ஓய்வு நிஜமாக வேண்டுமென்றால் பக்கத்துச் சபை ஆயரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். திங்கள் அடக்கத்தை அவர் பார்ப்பார், அவருடைய ஓய்வு நாளில் நீங்கள் பார்ப்பீர்கள். மற்ற எல்லா யோசனையையும்விட இதுதான் குடும்பத்தைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

லெந்துக்கும் அதே முறைதான். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் நடுவில்தான் வரும். தேதியைப் பல வருஷத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கான திருவிருந்தை (நற்கருணையை), ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரமே, பிள்ளைகள் பள்ளியிலிருக்கும் காலை வேளைகளில் முடித்துவிடுங்கள். பெரிய வெள்ளியன்று தியானிக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்து, ஒன்றை மட்டும் ஆயர் வைத்துக்கொள்ளட்டும். ஈஸ்டர் பிரசங்கம் குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே எழுதியாகியிருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு எழுத உட்கார்ந்தால் விடியற்காலை ஆராதனைக்குக் குரலே எழாது.

ஆயரின் மனைவியான ஆயரம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் ஆசிரியைகள், பள்ளி விட்டு வந்து பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி நாடகம், வருகிறவர்களுக்கெல்லாம் காபி. சம்பளமில்லாத இரண்டாவது ஆயராக அவரைச் சபை நடத்துவது அநியாயம். டிசம்பரில் சங்கப் பொறுப்பைச் செயலாளரிடம் விடலாம். சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 6.30 என்று ஆயரக வாசலில் பலகை மாட்டுங்கள். 25ஆம் தேதி ஆராதனை முடிந்து மதியம் 1 முதல் 4 வரை வாசல் மணியைக் கோயில் பணியாளர் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மணி நேரம் அந்த வீடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.