குடல் சுவரில் மாட்டிக்கொள்ளும் மாத்திரைகள்

மாத்திரை வயிற்றில் கரைந்தால் மருந்து தானாக ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொழுப்பில் எளிதாகக் கரையும் மருந்துகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மற்ற பல மருந்துகளின் கதி, சிறுகுடல் செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களின் கையில் இருக்கிறது. அவற்றில் சில மருந்தை உள்ளே இழுக்கும். சில, நுழைந்ததையும் பிடித்து வெளியே தள்ளும்.

இழுப்பவற்றில் ஓஏடிபி குடும்பம் ஒன்று. அலர்ஜிக்கான ஃபெக்ஸோஃபெனடினை உள்ளே கொண்டுபோவதில் இதற்குப் பங்கு உண்டு. புதுச்சேரி நேரு வீதியில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கி அதோடு மாத்திரையை விழுங்கினால், பழச்சாறு இந்தப் புரதத்தை முடக்கிவிடும். ரத்தத்தில் சேரும் மருந்து சுமார் 36 சதவீதம் குறையலாம். வெறும் தண்ணீரே போதும்.

நரம்பு வலிக்கான கபாபென்டின் வேறு ரகம். அதைச் சுமக்கும் புரதத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. நாளைக்கு 900 மி.கி.யை மூன்று வேளையாகப் பிரித்தால் சுமார் 60 சதவீதம் உள்ளே போகும், 3600 மி.கி. என்றால் 33 சதவீதம்தான். டோஸ் நான்கு மடங்கு ஏறினாலும் ரத்தத்தில் கூடுவது இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா, சாப்பாட்டுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு ஒரே கடத்திப் புரதத்துக்காக முட்டி மோதித்தான் உள்ளே போக வேண்டும். குடலில் ஒருமுறை, மூளையின் வாசலில் இன்னொருமுறை. மதியம் வஞ்சிரக் குழம்போடு போட்ட மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ போடுவது நல்லது. இட்லியிலும் உளுந்தின் புரதம் இருக்கிறது. குமட்டினால் சாதா பிஸ்கட் ஒன்று சாப்பிடலாம். அதற்காக மீனையே நிறுத்தி உடம்பை இளைக்க விட வேண்டாம். மீனை இரவுக்குத் தள்ளினாலே பலருக்கும் பகல் சீராகும்.

வெளியே தள்ளுவதில் பெரிய ஆள் பி-கிளைக்கோபுரோட்டீன். 1976-இல் ஜூலியானோ, லிங் என்ற இரு விஞ்ஞானிகள் மருந்துக்கு மசியாத செல்களில் கண்டறிந்தது. கசியும் படகில் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து மருந்தைக் குடலுக்கே திருப்பிவிடும். இதயத்துக்கான டிகாக்சின் இதில் நன்றாகச் சிக்கும்.

சிக்கல் காசநோய் மருந்து சேரும்போது. ரிஃபாம்பிசின் தினம் 600 மி.கி. வீதம் 10 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடலில் இந்தப் புரதம் சுமார் மூன்றரை மடங்கு பெருகியது. டிகாக்சின் ரத்தத்தில் சேர்வது குறைந்தது. இதய மாத்திரை புதுச்சேரியில், காசநோய் மாத்திரை கடலூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்று வாங்குபவர்களுக்கு இரண்டு சீட்டும் ஒரே டாக்டர் கண்ணில் படுவதே அபூர்வம். இரண்டையும் ஒரே கவரில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

அதைவிட ஆபத்தான கட்டம், ஆறு மாத சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது. பெருகிய புரதம் சுமார் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கும். இடையில் டிகாக்சின் டோஸைக் கூட்டியிருந்தால், இப்போது அதுவே விஷமாகலாம்: குமட்டல், வாந்தி, நாடித் துடிப்பு குறைதல், பார்வையில் மஞ்சள் சாயல். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இந்தப் புரதத்தையே முடக்குவதால் சில நாளிலேயே இதே நிலைக்குக் கொண்டுபோகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் மோசம்.

சந்தேகம் என்றால் டாக்டரிடம் கேட்டு டிகாக்சின் ரத்த அளவைப் பாருங்கள். இதயச் செயலிழப்புக்கு மி.லி.க்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். மாத்திரை விழுங்கி 6 மணி நேரமாவது கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் மருந்து திசுக்களுக்குள் பரவி முடிந்திருக்காது. அளவு பொய்யாக ஏறித் தெரியும், சரியாக இருந்த டோஸையும் குறைத்துவிடுவார்கள்.