23-க்கு 40: எங்கள் வீட்டு பிளான் ஏழு தடவை மாறிய கதை

வேலூரில் பாகாயத்தைத் தாண்டி எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. கிழக்குப் பார்த்தது, தெருப்பக்கம் 30 அடி, உள்ளே 50 அடி. வாங்கிப் போட்டு முள்ளு முளைத்துக் கிடந்ததை இந்த வருஷம்தான் சுத்தம் பண்ணி, கட்டியே தீருவது என்று இறங்கினோம். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை, வந்ததும் தூங்கவே நேரம் போதாது, அதனால் இன்ஜினியரோடு மல்லுக்கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதற்கு முன் பிளான் பார்க்கத் தெரியாது. ஏழாவது பிளான் வந்தபோது ஓரளவு தெரிந்துவிட்டது.

முதல் பிளான் இரண்டே நாளில் வந்தது. கலர் கலராக, சோபா, டைனிங் டேபிள், தொட்டியில் செடி எல்லாம் போட்டு. சுற்றிலும் விட வேண்டியதை விட்டது போக 23-க்கு 40-தான் கட்டடம், அதற்குள் மூன்று பெட்ரூம், கார் நிறுத்த இடம், பூஜை ரூம். எங்களிடம் கார் இல்லை. வராத காருக்கு 10-க்கு 15 இடம் ஒதுக்கி ஹாலைச் சுருக்கியிருந்தார். "நாளைக்கு வாங்குவீங்கம்மா" என்றார். வாங்கினால் தெருவில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

அந்தப் படத்தில் கட்டில் போட்ட பிறகும் ரூமில் தாராளமாக இடம் இருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. வாடகை வீட்டில் இன்ச் டேப் எடுத்து அளந்து பார்த்தால் எங்கள் கட்டில் 6-க்கு 6½. படத்தில் இருந்த கட்டிலை அதே அளவுகோலில் அளந்தால் 4-க்கு 6. ரூம் பெரிதில்லை, கட்டில்தான் சின்னது! அன்று ராத்திரியே பீரோ, பீரோ கதவு திறக்க வேண்டிய இடம், பிரிட்ஜ், கிரைண்டர், தையல் மிஷின், அரிசி டிரம் என்று ஒன்று விடாமல் அளந்து நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் இன்ஜினியரிடம், சார் இந்தச் சாமான்களை இதே அளவில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். போட்டதும் மூன்று பெட்ரூம் இரண்டு பெட்ரூம் ஆகிவிட்டது, அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது மாடிப்படி. இதை யாரும் பார்ப்பதில்லை, படத்தில் கோடு கோடாக இருக்கும், ஆமாம் படி என்று தாண்டிவிடுவோம். எங்கள் மாமாவுக்கு முட்டி வலி, ஆனாலும் சாயங்காலமானால் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையைப் பார்க்காமல் இருக்க மாட்டார், அதனால் நான் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 14 படி. தரையிலிருந்து மாடித் தளம் வரைக்கும் 10½ அடி, அதாவது 126 இன்ச். 14-ஆல் வகுத்தால் ஒரு படி 9 இன்ச் உயரம். அது படி இல்லை, ஏணி. வீட்டுப் படி 6 அல்லது 7 இன்ச் இருந்தால்தான் வயசானவர்கள் ஏற முடியும். 7 இன்ச் வைத்தால் 18 படி வேண்டும். கீழே ஒன்பது, திரும்பி மேலே ஒன்பது, கால் வைக்க 10 இன்ச், அகலம் 3 அடி, திரும்புகிற இடத்தில் 3 அடி மேடை என்று கணக்குப் போட்டால் 6½-க்கு 10 இடம் தேவை. முதல் பிளானில் அவ்வளவு இடம் விடவே இல்லை. இதை அப்படியே கட்டியிருந்தால் மேஸ்திரி அங்கேயே ஏதோ சமாளித்து முடித்துவிடுவார், நாங்கள் ஆயுசுக்கும் மூச்சு வாங்கியிருப்போம்.

மூன்றாவது பிளானில் அத்தை நுழைந்தார். அதுவரைக்கும் எனக்கென்ன என்று இருந்தவர், சமையலறை தெருப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கிழக்கு பார்த்த மனைக்கு இது பெரிய சிக்கல். தென்கிழக்கு அக்னி மூலை, அங்கேதான் அடுப்பு என்றால் அது வீட்டின் முன்பக்கம் வந்து விழும். பின்கட்டு, தோட்டம் எல்லாம் மேற்கே. அத்தை ஜென்மத்தில் சிங்க்கில் பாத்திரம் தேய்த்ததில்லை, கீழே உட்கார்ந்து தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி. "இன்னாம்மா இது, தெருவுல போறவன் வர்றவன்லாம் நான் பாத்திரம் தேய்க்கிறதப் பாக்கணுமா?" என்றார். நியாயம்தானே.

வடமேற்கில் வைக்கலாம், வாயு மூலையும் சமையலுக்கு ஆகும் என்று இன்ஜினியர் சொன்னார். ஆனால் மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் இறங்குகிற நேரத்தில் அடுப்பு முன்னால் நிற்பது யார், நான்தான். முடியாது என்றேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு வழி கிடைத்தது. சமையலறையை அக்னி மூலையிலேயே விட்டு, அதன் தெற்குச் சுவரை மட்டும் 2 அடி உள்ளே இழுத்து, 10-க்கு 10 இருந்ததை 8-க்கு 10 ஆக்கினோம். பக்கத்துச் சந்து மூன்றரை அடியாக இருந்தது அந்த இடத்தில் மட்டும் ஐந்தரை அடி ஆனது. அங்கே ஒரு கதவு, குழாய், துவைக்கிற கல், தெருவை மறைக்க ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அத்தை இடம் தனியாக வந்துவிட்டது. அடுப்பு மட்டும் ஜன்னலுக்கு நேராக வந்ததால் காற்றடித்தால் அணையும் என்று ஒன்றரை அடி தள்ளி வைக்கச் சொன்னேன்.

நடுவில் மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர் ஒருவர் வந்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, மாமாவுக்கு உண்டு. சுவருக்குள் இருக்கும் குழியளவைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். 6, 8, 10, 11, 16 நல்லது, 7, 9 ஆகாது, 12-லிருந்து 15 வரைக்கும் ஒன்றுமே ஆகாது. எங்கள் ஹால் 12-க்கு 15! மாமா முகம் வாடிப் போயிற்று. நான் வேண்டாவெறுப்பாகக் கணக்குப் போட்டேன், 12-க்கு 15 என்றால் 180 சதுர அடி, 11-க்கு 16 என்றால் 176. நாலு சதுர அடிக்கா சண்டை? மாற்றிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், குறுக்கே ஒரு பக்கம் 11, ஒரு பக்கம் 10, நடுச்சுவர் நாலரை இன்ச், வெளிச்சுவர் இரண்டும் 9 இன்ச், பூச்சையும் சேர்த்தால் கச்சிதமாக 23 அடி. வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் பேசவில்லை நான்.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. சித்திரை வைகாசியில் உச்சி வெயில் தலைக்கு நேரே நிற்கும், அது காய்ச்சுவது மொட்டை மாடியை. சுவரைக் காய்ச்சுவது மூன்று மணிக்கு மேல் சாய்கிற வெயில். சத்துவாச்சாரியில் இப்போது இருக்கிற வாடகை வீட்டில் மேற்குச் சுவரில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும், பகலில் குடித்த வெயிலை எல்லாம் செங்கல் அப்போதுதான் உள்ளே விடும். எங்கள் ரூம் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் வர வேண்டும் என்றார்கள், சரி. ஆனால் மேற்குச் சுவர் முழுக்கக் கப்போர்டு அடைக்கச் சொல்லிவிட்டேன், ஜன்னல் தெற்கே. துணிமணி சூடு வாங்கட்டும், நாங்கள் தூங்கினால் போதும். மாடிப்படியையும் வடமேற்கில் மேற்குச் சுவரை ஒட்டியே வைத்தோம், அந்தப் பக்கத்து வெயிலைப் படிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.

ஆறாவது பிளான் முடிந்ததும் மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். பத்துக் கிலோ கோலமாவு வாங்கிப் போய் மனையிலேயே முழு அளவில் கோடு போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய் நானும் மகளும் கயிறு பிடித்துப் போட்டோம். வாசல் கதவுக்கு ஒரு குச்சி, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குச்சி. மாமா அவர் ரூமுக்குள் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தார், எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடந்தார். பதினோரு அடி. பரவாயில்லை என்றார். ஆனால் பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கதவை வெளிப்பக்கம் திருப்பி, அகலத்தை 3 அடி ஆக்கினோம், நாளைக்கு வாக்கர் வந்தாலும் நுழையும்.

வாசலில் நின்ற வீட்டுக்காரர், "இங்கேர்ந்து பாத்தா நம்ம கட்டில் தெரியுதே" என்றார். ஆமாம், தெரிந்தது. பேப்பரில் ஆறு தடவை பார்த்தும் தெரியாதது. எங்கள் ரூம் கதவை நாலடி தள்ளினோம். தள்ளியபோது நடுவில் இருந்த 3-க்கு 13 நடைபாதைக்கு வேலையே இல்லாமல் போயிற்று, அதை ஹாலோடு சேர்த்துவிட்டோம். சதுர அடி 2,400 என்று பேசியிருக்கிறோம், அந்த 39 சதுர அடிக்கு மட்டும் 93,600 ரூபாய், வெறுமனே நடந்து போக.

இதையெல்லாம் அனுமதிக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்தது நல்லதாகப் போயிற்று. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், அதாவது விதிப்படிதான் கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுக்கிற முறையில், மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும்தான் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். எங்களுடையது கீழே 920, நாளைக்கு மாடி எடுத்தால் இன்னொரு 920, அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் சுலபமாகக் கிடைக்கிறதே என்று அரைகுறை பிளானை அனுப்பிவிடக் கூடாது, அனுப்பியபடிதான் கட்ட வேண்டும்.

வாஷிங் மிஷினுக்கு மட்டும் இன்னும் இடம் அமையவில்லை. மாடிப்படி திரும்புகிற மேடைக்கு அடியில் வைக்கலாம் என்கிறார் இன்ஜினியர். அங்கே உயரம் நாலே முக்கால் அடி, என் உயரம் ஐந்தடி இரண்டு இன்ச். குனிந்து குனிந்து துணி போட என்னால் ஆகாது. அத்தை சந்தில் என் பக்கத்தில் வை என்கிறார், மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டால், வேலூரில் எங்கே மழை என்கிறார்.