என்சிஏஏ தகுதிச் சான்று: ஜியோமெட்ரியில் நின்ற வண்டி

மகனுக்குக் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இடம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் போன கோடையின் எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. டெக்சஸில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை ஃபுட்பால் ஆடுகிற வீடுகள் இதைப் படித்துவிடுங்கள்.

அவன் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். கேம்ப், வீடியோ, கோச்சுகளுக்கு மெயில் எல்லாம் நன்றாகவே போனது. மாட்டிக்கொண்டது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் எலிஜிபிலிட்டி சென்டரில், அதாவது பிள்ளைக்கு ஆடத் தகுதி உண்டா என்று சரிபார்க்கும் இடத்தில். மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட 16 கோர் கோர்ஸ், அதாவது என்சிஏஏ ஏற்கும் முக்கியப் பாடங்கள் வேண்டும். அதில் 10 கோர்ஸ் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும்.

பத்தாவது பாதியில் நாங்கள் நியூஜெர்சியிலிருந்து டல்லாஸ் பக்கம் வந்தோம். பாடங்கள் ஒத்துவரவில்லை என்று ஆங்கிலம், ஜியோமெட்ரி, உலக வரலாறு மூன்றையும் ஆன்லைனில் முடிக்கச் சொன்னது பள்ளிதான். என்சிஏஏவுக்கு இது செல்லுமா என்று அன்றைக்கே கவுன்சிலரிடம் கேட்டேன். “டிப்ளமாவுக்குக் கணக்கில் வருகிறதே, அப்புறம் என்ன?” என்றார். டெக்சஸில் 1984 முதலே பாஸானால்தான் ஆடலாம் என்ற விதி உண்டு. அதனால் பள்ளியில் எல்லோரும் பார்ப்பது பாஸா, ஃபெயிலா என்பதை மட்டும்தான்.

பதினொன்றாவது முடியும் சமயத்தில் ஒரு கல்லூரியின் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஜியோமெட்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியீட்டைப் பார்க்கச் சொன்னார். ஆன்லைன் வகுப்பு என்பதற்கான குறி அது. ஆசிரியர் தொடர்ந்து பிள்ளையோடு பேசிப் பாடம் நடத்தாத வகுப்பை என்சிஏஏ ஏற்காது. மூன்று பாடமும் போச்சு. எண்ணிப் பார்த்தால் கையில் இருப்பது 9.

நேரே கவுன்சிலர் அறைக்குப் போனேன். அவர் தோளைக் குலுக்கி, “கோடை விடுமுறை தொடங்கிவிட்டது, ஆகஸ்ட்டில் வாருங்கள்” என்றார். ஆகஸ்ட்டில் பன்னிரண்டாவது தொடங்கிவிடும்! தொடங்கிவிட்டால் பத்தும் பூட்டிய மாதிரி. பிறகு அந்தப் பத்தில் எதையும் சேர்க்க முடியாது.

என்சிஏஏ தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடப் பட்டியல் உண்டு. பள்ளியின் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் யாரும் பார்க்கலாம். அதில் தேடி, ஏற்கப்பட்ட ஒரு ஆன்லைன் பள்ளியில் ஜியோமெட்ரியை மறுபடி எடுக்க வைத்தோம். காலையில் மைதானம், மத்தியானம் முழுக்கக் கணக்கு. பள்ளி திறப்பதற்குள் முடித்துவிட்டான். மற்ற இரண்டையும் பன்னிரண்டாவதில் சேர்த்துப் படித்தான். பிள்ளையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பழைய பள்ளி தனியாக ஒரு இழு இழுத்தது. டிரான்ஸ்கிரிப்ட் அந்தப் பள்ளியிலிருந்து நேராக எலிஜிபிலிட்டி சென்டருக்குப் போக வேண்டும். நாம் அனுப்பினால் செல்லாது. அங்கிருந்த கிளார்க் அதை எங்கள் புதுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, “அனுப்பியாச்சு” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போர்ட்டலில் ‘வந்து சேர்ந்தது’ என்று பார்க்கும்வரை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இடையில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் போய்ப் பார்த்தது மட்டும் மனசுக்கு நிறைவு. ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் அவர்கள் மைதானமான கைல் ஃபீல்டில் கூடிக் கோஷம் பழகுகிறார்கள். மறுநாள் ஆட்டம் முழுக்க மாணவர்கள் உட்காரவே இல்லை. 1922-இல் தேவைப்பட்டால் களமிறங்கத் தயாராக நின்ற கிங் கில் என்ற மாணவரின் நினைவாக இன்றும் அப்படி நிற்கிறார்கள். அன்அஃபிஷியல் விசிட் என்பதால் ஓட்டல் செலவெல்லாம் நம்முடையதுதான். ஆனாலும் போங்கள். அங்கே பழைய மாணவரான நம்மூர்க்காரர் ஒருவர், “எத்தனை ஸ்டார் தம்பி?” என்று ஆசையாகக் கேட்டார். கிக்கர்களுக்கு, ஆட்டக்காரர்களுக்குப் போடும் ஸ்டார் மதிப்பீட்டைவிட அணியில் காலி இடம்தான் முக்கியம்.

அந்த இடத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2025 ஜூனில் ஒப்புதலான ஹவுஸ் வழக்கின் (என்சிஏஏ மீது ஆட்டக்காரர்கள் போட்டது) சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 105 பேர்தான். முன்பு ஸ்காலர்ஷிப் 85 என்றாலும் அதற்கு மேல் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்த்தார்கள். “உனக்கு இடம் உண்டு” என்று ஒரு கோச் வாயால் சொன்னார், “அந்த 105-க்குள்ளா?” என்று மகன் கேட்டதும் பேச்சை மாற்றினார். இன்னொருவர் ஆமாம் என்று எழுத்தில் தந்தார். அங்கேதான் சேருகிறான்.

கடைசியாக ஒன்று: இலையுதிர் காலத்தில் சேருகிற பிள்ளைகள் ஏப்ரல் 1 முதல் அமெச்சூர் நிலைக்கான (தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல என்ற) இறுதிச் சான்றைத் தாங்களே போர்ட்டலில் கேட்டு வாங்க வேண்டும். தானாக வராது.