மீன் பெட்டி டிரைமரான்: நான்காவது மாதம்

போன ஞாயிறு என் டிரைமரான் (ரிமோட்டில் ஓடும், மூன்று உடல் கொண்ட சின்னப் பாய்மரப் படகு) கவிழாமல் ஐந்து சுற்று முடித்தது. நான்கு மாதம் கழித்து!

மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வாயில் பழையதுதான் வருகிறது) செம்பனைக் காட்டை ஒட்டிய பழைய ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளம்) ஒன்றில் ஆறேழு பேர் ரிமோட் பாய்மரப் படகு விடுகிறோம். பத்து மணிக்கு மேல் காற்று வரும், மூன்று மணிக்கு மேல் இடி வரும். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரிடமும் ஒற்றை உடல் படகுதான். பாதிப்பேரிடம் 65 சென்டிமீட்டர் நீள ஆர்ஜி 65 வகுப்புப் படகு, இரண்டு பேரிடம் ஒரு மீட்டர் நீள ஐஓஎம் வகுப்புப் படகு.

நான் மூன்று உடல் படகைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் கேட்டார்: "என்ன தம்பி, தண்ணிப்பூச்சியா?"

பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசார் மீன்கடையில் கிடைத்த வெள்ளை நுரைப்பெட்டியை ஒட்டி, சூடான கம்பியால் அறுத்து மூன்று உடலும் (நடு உடல், இருபக்கமும் ஒவ்வொரு மிதவை) செய்தேன். மேலே ஃபைபர் துணி போர்த்த, கார் பட்டறையில் வாங்கிய பாலியெஸ்டர் ரெசினைப் பூசினேன். பத்து நிமிடத்தில் ஒரு மிதவை உருகிக் குழிந்து, கடித்து வைத்த இட்லி மாதிரி ஆகிவிட்டது. அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். எபோக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் கரைக்காது. இரண்டாவது முறை எபோக்ஸி. குறுக்குக் கைகள் கார்பன் குழாய். நீளம் ஒரு மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், மொத்த எடை 1,450 கிராம்.

ஐஓஎம் படகு விதிப்படி குறைந்தது 4 கிலோ இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் ஈயமும் தகடும். என் படகில் ஈயமே கிடையாது. அகலம்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. அதனால் பக்கக் காற்றில் பறக்கும். ஆனால் காற்றை எதிர்த்து மூக்கைத் திருப்பும்போது எடை இல்லாததால் வேகம் செத்து, நடுவழியில் நின்றுவிடும். ஈயப் படகு உருண்டு திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் மாதம் என்னைப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. எனக்குக் கோபம். ஜெயித்துவிடுவேன் என்று பயப்படுகிறார்கள் என்றே நினைத்தேன். அண்ணனிடம் சரித்திரம் பேசினேன்: 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் புகார் கொடுத்துத் தகுதி நீக்கம் செய்ய வைத்தார்கள். அந்த வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் கேட்டமரான் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனது. (கட்டுமரத்துக்கு இரட்டை உடலே கிடையாது, அது வேறு கதை.) இங்கே பக்கத்தில் ரியாவ் தீவுகளில் மலாய்க்காரர்கள் ஜோங் என்று ஆளில்லா சின்னப் பாய்ப்படகுக்குப் பக்கக்கட்டை வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். மாதிரிப் படகுகளிலேயே மினி 40 என்று பல உடல் படகுக்குத் தனி வகுப்பு உண்டு. நீளமும் அகலமும் 1.22 மீட்டர் வரை போகலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "அது சரி தம்பி. அமரில்லிஸ் கவிழ்ந்தா தூக்கி நிறுத்த ஆள் உள்ள இருந்துச்சு. இதுல யாரு இருக்கா?"

பதில் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான், பின்காற்றில் காற்றடிக்காத பக்கத்து மிதவையின் மூக்கு தண்ணீரில் குத்தி, படகு குட்டிக்கரணம் போட்டு, பாய்மரம் சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது. ஈயப் படகு சாய்ந்தால் தானே எழும். இது எழாது. ஈயக்குட்டையில் கரை செங்குத்து, இரண்டடி வைத்தால் ஆழம். யாரும் இறங்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அன்றைக்கு ஒரு மணி நேரம் எல்லோருடைய பந்தயமும் நின்றது. எனக்காகத்தான்.

அப்புறம்தான் சரியான வேலையைத் தொடங்கினேன். மிதவைகளை 6 சென்டிமீட்டர் முன்னே தள்ளினேன், மூக்கில் நுரை சேர்த்துப் பருமனாக்கினேன். பாய்மர உச்சியில் மீன் பெட்டித் துண்டு ஒன்றைச் செதுக்கி ஒட்டினேன். பார்க்க அசிங்கம், ஆனால் கவிழ்ந்தால் பக்கவாட்டில் படுத்தே இருக்கும், தலைகீழாகப் போகாது. கடைசியாக, தூண்டில் நூலின் நுனியில் டென்னிஸ் பந்து கட்டிக்கொண்டேன். படகைத் தாண்டி வீசி, நூல் அதன் மேல் விழ, மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வீட்டு வாசலில் ஒரு வாளியைக் குறிவைத்து இரண்டு வாரம் பழகினேன். பக்கத்து வீட்டு அம்மா என்ன நினைத்தாரோ.

மூன்றாவது மாதம் வேண்டுமென்றே கவிழ்த்து, கரையிலிருந்தே எடுத்துக் காட்டினேன். நான்கு நிமிடம். அடுத்த ஞாயிறு எனக்கு இடம் கிடைத்தது. அவர்கள் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்துத் தனியாகக் கிளம்ப வேண்டும், எண்ணிக்கையில் சேராது. போன வாரம் கடைசிச் சுற்றில் இரண்டு ஆர்ஜி 65-ஐத் தாண்டினேன். மிதவையைத் திரும்பவும் இடம் மாற்ற வேண்டும், இன்னும் கொஞ்சம் மூக்குக் குத்துகிறது.

அண்ணன் இன்னும் தண்ணிப்பூச்சி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் சாமானைக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார், மீன்கடையில் பெட்டி இன்னும் கிடைக்குமா என்று.