உப்பு போட்டிருக்கக் கூடாதோ

"தரை காய்ஞ்சுதானே கிடக்கு, அப்படியே விட்டுடலாமே?"

"இல்லண்ணே, பிரைன் அடிச்சிடுங்க."

2011 பிப்ரவரி 1, சிகாகோ, மதியம். பனிப்புயல் வருமுன் ஒரு பார்க்கிங் இடத்தில், பனி வழிக்கும் ப்ளோ வண்டி ஓட்டுகிற மூத்தவர் கேட்டதும் அதற்கு நான் சொன்னதும் இவ்வளவுதான்.

தப்பான பதில் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பனி விழுமுன் பிரைன், அதாவது உப்புக் கரைசல், அடித்து வைத்தால் முதல் அடுக்கு தரையோடு இறுகாது. ப்ளேடை வைத்தால் பாளமாகப் பெயர்ந்து வரும். கலவையும் சரியாகவே இருந்தது. எடையில் 23.3 சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 30 கிலோ உப்பு. அந்தக் கணக்கில்தான் கரைசல் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் தாங்கும். உப்பு குறைந்தால் முன்னதாகவே உறையும். கூட்டிப் போட்டாலும் அதே கதைதான், இதைப் புதிதாக வருகிறவர்கள் நம்புவதே இல்லை. கரைசல் பாயும் நாசிலும் விசிறித் தூவுகிற வகை இல்லை, கோடு கோடாக ஊற்றுகிற வகை. கோடுகளுக்கு நடுவே காய்ந்த தரை இருந்தால்தான் டயருக்குப் பிடி கிடைக்கும்.

ஆனால் இதே தொழிலில் இன்னொரு பாடமும் உண்டு. காற்று பலமாக வரப்போகிறது, பனி பொடியாகப் பறக்கும் என்றால் தரையை நனைக்காதே. குளிர்ந்து காய்ந்த தரையில் பொடிப்பனி மணல் மாதிரி ஓடிப் போய்விடும். ஈரம் கண்டால் ஒட்டும். ஒட்டிய பனி கரைசலை நீர்க்க வைக்கும், நீர்த்த கரைசல் உறையும், உறைந்ததன் மேல் அடுத்த பனி உட்காரும். மூத்தவர் அத்தனையையும் விளக்கிச் சொல்லவில்லை. தரை காய்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு வந்தது காற்றா, பனியா? இரண்டும். ஓஹேர் விமான நிலையத்தில் 21.2 அங்குலம் பதிவானது. காற்று மணிக்கு 60 மைலைத் தாண்டியது. இரண்டு அங்குலப் பனி என்றால் காற்றே துடைத்துவிடட்டும் என்று விடலாம். இருபது அங்குலத்தை எந்தக் காற்று துடைக்கும்? அப்படியானால் என் பதில்தான் சரி. இப்படி முடிவு கட்டிவிட்டுத் தூங்கப் போனால், அடுத்த குளிர்காலத்தில் மறுபடி அதே கேள்வி வந்து நிற்கிறது.

ஏரிக்கரையோரம் போகும் லேக் ஷோர் டிரைவ் சாலை விஷயத்தில் ஊரே நகர நிர்வாகத்தைத் திட்டியபோது என்னால் முழு மனதோடு சேர்ந்து திட்ட முடியவில்லை. இரவு எட்டு மணி வாக்கில்தான் சாலையை மூடினார்கள். அதற்குள் விபத்துகளால் அடைபட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகள் ஏரிக்காற்றில் மாட்டிக்கொண்டன. நடுவில் கான்கிரீட் தடுப்பு, திரும்ப வழியே கிடையாது. தடுப்பில் அவசரத் திறப்புகள் அமைத்ததெல்லாம் பிறகுதான். முன்கூட்டியே மூடினால் வேலை முடிந்து கிளம்பும் கூட்டம் உள்தெருக்களில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியுமா? மூன்று மணிக்கே மூடி, தெருவெல்லாம் அடைத்திருந்தால் அதற்கும் திட்டுதான். 1979-இல் பனியைச் சரியாக அள்ளவில்லை என்ற கோபத்திலேயே மேயர் பிலாண்டிக் ஜேன் பைர்னிடம் தோற்ற ஊர் இது.

உண்மையில் அன்று எங்கள் பெரிய தப்பு உப்பே இல்லை. பார்க்கிங் இடத்தில் முதலில் வழித்த பனியை வடகிழக்கு ஓரத்தில், அதாவது காற்று வருகிற பக்கத்தில், கரையாகக் குவித்தோம். லாரி வந்து அள்ள அதுதான் வசதி. ஆனால் காற்று அந்தக் கரையைத் தாண்டியதும் வேகம் இழந்து, சுமந்து வந்த பனியை எல்லாம் பின்னால் கொட்டும். வேலிக்குப் பின்னால் மணல் சேர்வது மாதிரிதான். வழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வழித்த இடத்திலேயே முழங்கால் அளவு. தென்மேற்கில் தள்ளியிருந்தால் பாதி வேலை மிச்சம். இதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதனாலோ என்னவோ, இது உறுத்துவதில்லை. ஒருவர் கேட்டு, நான் மறுத்தது மட்டும்தான் உறுத்துகிறது.

பனி நின்றபின் ப்ளேடு தரை வரை இறங்கியபோது, கட்டடச் சுவர் காற்றை மறைத்த பக்கத்தில் பனி தோசை மாதிரி கழன்று வந்தது. அடியில் கறுத்த தார் தெரிந்தது. திறந்த பக்கத்தில் நாசில் ஊற்றிய இடமெல்லாம் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டிக் கோடுகள், நடுவில் காய்ந்த தரை. ப்ளேடு அந்தக் கோடுகள் மேல் கடகடவென்று துள்ளியது. குளிர் இறுகிக்கொண்டே போனதால் சாதா உப்பு அங்கே எடுபடவில்லை. கால்சியம் குளோரைடு மூட்டையைப் பிரித்து, கோடு கோடாகத் தூவினோம். மூத்தவர் சுவர்ப் பக்கத்தையும் பார்த்தார், இந்தப் பக்கத்தையும் பார்த்தார். "இன்னொரு மூட்டை வேணும்" என்றார்.