கட்டை இறக்கிய பாடல்கள்

ஒத்திகையின் முதல் நாளன்று இசை நடத்துநர் என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். முப்பத்து நான்கு பாடல்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும் அதில் இருந்தன. சிலவற்றுக்கு −2, பலவற்றுக்கு −3, இரண்டுக்கு −4. இசைத்தட்டில் பதிவான சுருதியிலிருந்து அந்தப் பாடல் இன்று எத்தனை அரைக் கட்டை இறக்கி வாசிக்கப்படும் என்பதற்கான குறிப்பு அது. 1970களிலும் 80களிலும் ஹாங்காங்கில் புகழ்பெற்றிருந்த பன்னிரண்டு பாடகர்கள் கோலாலம்பூரில் ஒரே மேடையில் பாடவிருந்த நிகழ்ச்சிக்கு, மானிட்டர் மேசையைக் கவனிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. பார்வையாளருக்குப் போகும் ஒலியை வேறொருவர் கவனிப்பார். மேடையில் நிற்பவர் தம் காதில் என்ன கேட்கிறாரோ அதற்கு நான் பொறுப்பு.

அந்தப் பாடல்கள் எனக்குப் புதியவையல்ல. நான் மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து வளர்ந்தவன். அங்கே சந்தையில் காய் வாங்கவும் பேருந்தில் இடம் கேட்கவும், ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸ் தெரிந்தாக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் பலரும் பள்ளிக்குப் போகும் முன்பே அதைக் காதால் கற்றுக்கொண்டுவிடுவோம். மாலை வேளைகளில் அண்டை வீட்டு வீடியோவில் ஹாங்காங் தொடர்கள் ஓடும். 1980இல் வந்த ‘ஷாங்ஹாய் பண்ட்’ தொடரின் முகப்புப் பாடல், பாடகி பிரான்சிஸ் யிப்பின் அடர்ந்த குரலில் ஆற்று அலைகளைப் பாடத் தொடங்கியதும், என் அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்று கேட்பார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியாது.

அந்தப் பாடலுக்கு இசையமைத்தவர் ஜோசப் கூ, சொற்களை எழுதியவர் ஜேம்ஸ் வோங். இருவரையும் சொல்லாமல் காண்டனீஸ் பாடல்களைப் பற்றிப் பேச முடியாது. 1970களின் தொடக்கம் வரை ஹாங்காங் இளைஞர்கள் ஆங்கிலப் பாடலையும் மாண்டரின் பாடலையும்தான் மதித்தார்கள். தாங்கள் வீட்டில் பேசும் மொழியில் புதுப்பாடல் கேட்பது அவர்களுக்குச் சற்றுக் கௌரவக் குறைவாகவே பட்டது. 1974இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஜோசப் கூ காண்டனீஸில் அமைத்த முகப்புப் பாடலும், அதே ஆண்டில் சாம் ஹுய் தெருப்பேச்சையே வரிகளாக்கிப் பாடிய பாடல்களும் அந்த எண்ணத்தை மாற்றின. நம் திரைப்பாடல்களைப் போலவே அங்கும் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் பிறகு வரும். ஆனால் மெட்டுக்குச் சொல் எழுதும் அந்தக் கவிஞருக்கு, நம் கவிஞருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. காண்டனீஸில் ஒரே அசை அது ஒலிக்கும் உயரத்தைப் பொறுத்துப் பொருள் மாறும்; அத்தகைய தொனிகள் ஆறு. ‘மாய்’ என்பதைத் தாழ்வாகத் தொடங்கி மேலே ஏற்றினால் வாங்குவது, தாழ்வாகவே நிறுத்தினால் விற்பது. ஆகவே மெட்டு ஏறும் இடத்தில் ஏறும் சொல்லும், இறங்கும் இடத்தில் இறங்கும் சொல்லும் அமைய வேண்டும். தவறினால் கேட்பவர் காதில் வேறு சொல் விழும்.

இதையெல்லாம் அறிந்திருந்தும், இதற்கும் என் வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. எழுபதைக் கடந்த குரல்கள் வருகின்றன என்றதும், எங்கள் துறையில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்து வைத்தேன். பாடகரின் குரலுக்குத் தாராளமாக எதிரொலி சேர்த்தேன்; பின்பாட்டுக்காரர்களைச் சற்றுத் தூக்கி வைத்தேன். குரலின் நடுக்கம் அதில் கரைந்துவிடும், பாடுபவருக்கும் தம் குரல் இளமையாகக் கேட்டுத் துணிவு வரும் என்பது என் கணக்கு. முதலில் பாடிய மூவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதாக வந்த அம்மையார் முதல் சரணத்தின் நடுவிலேயே கையை உயர்த்தி வாத்தியக் குழுவை நிறுத்தினார்; மேடையிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்தார்.

“சிஃபூ, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?” என்றார். கைத்தொழில் தெரிந்தவரை, வயது பாராமல், குரு என்ற பொருளில் அப்படி அழைப்பது அவர்கள் வழக்கம். பிறகு, வாய்க்கு அருகில் விரல்களைக் குவித்து, மிக மெதுவாக மூன்று எண்களைச் சொன்னார்: “யாட். லுக். சாப்.” ஒன்று, ஆறு, பத்து. சந்தையில் ஐந்து வயதில் நான் கற்ற சொற்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் நாக்கோ தொண்டையோ உதடோ அடைபட்டு, மூச்சு வெளியேறாமலே சொல் நின்றுவிடும். ‘சாப்’ என்று சொன்ன பின் அவருடைய உதடுகள் மூடியே இருந்தன. அந்த மூடிய உதடுகளை எனக்குச் சுட்டிக் காட்டினார். “இங்கே மௌனம் இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்கும் எதிரொலி அதை நிரப்பிவிடுகிறது. என் சொல் முடிந்ததா என்று எனக்கே தெரியவில்லை. என் குரல் போய்விட்டது எனக்குத் தெரியும். சொல் இன்னும் இருக்கிறது, அதை எனக்கு விட்டுவையுங்கள்.”

அன்றிரவு, எல்லோரும் போன பிறகு, பன்னிரண்டு பாடகர்களுக்கும் நான் சேமித்து வைத்திருந்த அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எதிரொலியை ஏறத்தாழ முழுதுமாக நீக்கினேன். எதிரொலியின் ஈரம் துடைத்த குரல் முதலில் அச்சமூட்டியது. மூச்சு வாங்குவது, சுரத்தைத் தேடிப் பிடிப்பது, நீண்ட கார்வையின் இறுதியில் குரல் சன்னமாவது எல்லாம் அப்பட்டமாகக் கேட்டன. ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் வெட்டியெடுத்தாற்போல் நின்றன. இத்தனை ஆண்டுகள் அந்த மொழி தெரிந்திருந்தும் பாட்டில் அதை நான் சரியாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்படிப் பலர் பாடும் நிகழ்ச்சியில் மற்றக் கவலைகளும் உண்டு. கை மைக்குகளுக்கு வண்ண நாடா சுற்றி அடையாளம் வைப்பது, பாடகர் மாறும் ஒவ்வொரு முறையும் மேசையில் அவருக்குரிய அமைப்பைச் சரியாக வரவழைப்பது, கடைசி நேரத்தில் வரிசை மாறினால் ஈடுகொடுப்பது ஆகியவை வழக்கமான வேலைகள்; அவற்றை விரிப்பதில் பயனில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். 1983இல் திறக்கப்பட்ட ஹாங்காங்கின் ஹுங் ஹோம் உள்ளரங்கம் 12,500 பேர் அமரக்கூடியது; அங்கே பல நிகழ்ச்சிகளில் மேடை நடுவில் அமைய, மக்கள் நாற்புறமும் அமர்ந்திருப்பார்கள். அந்தத் தலைமுறைப் பாடகர்கள் அங்கே பாடிப் பழகியவர்கள். எங்கள் மேடைக்கு ஒரு பக்கம்தான் பார்வையாளர். பின்னால் வெறும் திரை. ஆயினும் ஒத்திகையில் ஒருவர், மூன்றாவது வரி வந்ததும், இயல்பாகப் பின்புறம் திரும்பி, ஆளில்லாத அந்தத் திரையைப் பார்த்துக் கையசைத்துப் பாடினார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

நிகழ்ச்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துப் படியேறி வந்தவர்களும் இருந்தனர். மேடையோரம் அவர்களை நோக்கி நான் இரண்டு மைக்குகளை வைத்திருந்தேன். காதை அடைக்கும் மானிட்டர் அணிந்தவருக்குக் கூட்டத்தின் ஒலி கேட்காது. அந்த இரண்டு மைக்குகளின் வழியாகத்தான் அதை அவர் காதுக்குக் கொண்டுபோக முடியும்.

இறுதிக்கு முந்தைய பகுதி, மறைந்தவர்களுக்கானது. 2002இல் காலமான ரோமன் டாமின் பதிவுக் குரலோடு வாத்தியக் குழு உடன் வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. ஜோசப் கூவும் ஜேம்ஸ் வோங்கும் ‘சிங்கப்பாறையின் கீழ்’ என்ற தொடருக்காக 1979இல் உருவாக்கிய, ஹாங்காங் மக்கள் தங்கள் ஊரின் பாட்டாகவே கருதும் பாடல் அது. இசை நடத்துநரின் தாளில் அதற்கு எதிரே மட்டும் 0 என்று இருந்தது. இருப்பவர்கள் எல்லோரும் கட்டை இறங்கியிருக்க, போனவர் மட்டும் பழைய சுருதியிலேயே பாடினார். கூட்டம் முதல் வரியிலிருந்தே சேர்ந்து பாடியது. மெட்டு மேலேறும் இடம் வந்தபோது என் காதில் அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாக உடைவது கேட்டது. சிலர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினார்கள், மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பதிவிலிருந்த குரல் மட்டும் தனியே மேலே போயிற்று.

அதன் பிறகு அந்த அம்மையார் வந்தார். அவர் பாட்டுக்கு −4. இரண்டாவது சரணத்தில் அவர் நிறுத்தி மைக்கை முன்னே நீட்டியதும் கூட்டம் எடுத்துக்கொண்டது. நான்கு அரைக் கட்டை இறங்கிய அந்தச் சுருதியில் எல்லோருக்கும் குரல் எட்டியது. அப்படி அடைபட்டு நிற்கும் சொல் வரும் இடத்திலெல்லாம் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக வாய் மூடும் அந்தச் சிறு மௌனம் தெளிவாகக் கேட்டது. அவர் இடது காதிலிருந்த மானிட்டரைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டார். வலது காதுக்குப் போய்க்கொண்டிருந்த வாத்தியங்களை நான் மெல்ல இறக்கி, கூட்டத்தின் மைக்குகளை ஏற்றினேன்.